அக்காவின் இலவச லேப்டாப்பும் அப்பா அனுப்பிய ஐந்து கேசட்டுகளும்

"அது என்னடி, ராவும் பகலும் பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டே கெடக்கு? கரன்ட்டு பில்லை நீயா கட்டப்போற?"

டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் நான் வைத்த பெட்டியைப் பார்த்து அம்மா கேட்ட முதல் கேள்வி இது. பெட்டி என்பதே கொஞ்சம் மரியாதையான சொல்தான். மூடி கழற்றிய ஒரு லேப்டாப், அதோடு ஒயரில் தொங்கும் ஒரு ஹார்டு டிஸ்க். ரிப்பேர் கடையில் யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருக்கும்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். பிளக்கில் மாட்டி அளக்கும் மீட்டர் சொன்னபடி அது இழுப்பது சராசரியாக 18 வாட். நாள் முழுக்க ஓடினாலும் அரை யூனிட்டுக்குக் குறைவு, இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். வீடுகளுக்குத்தான் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயிற்றே என்றேன்.

"அந்த நூறுல இது இருவத்தாறு தின்னுட்டா மிச்சம் எழுவத்துநாலுதானே?" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவர். கணக்கில் அவரை ஜெயிக்க முடியாது.

அந்தப் பெட்டிக்குப் பெயர் மீடியா சர்வர். வீட்டில் இருக்கும் போட்டோ, வீடியோ, பாட்டு எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, அதே வைஃபையில் இருக்கும் டிவியோ போனோ கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் கணினி. ஓடிடி நிறுவனங்கள் பெரிய டேட்டா சென்டர்களில் செய்யும் வேலையை வீட்டளவில் செய்வது. இன்டர்நெட் அறுந்தாலும் ஓடும். படம் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத்தான் போகிறது.

இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்துக்கு விதை போட்டது கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. கீரமங்கலத்துப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் விடிந்து பார்த்தால் தென்னைகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. பலா மரங்கள் வேரோடு. எங்கள் வீட்டு ஓடுகளில் பாதி பறந்துவிட, மழை நேராக மர பீரோ மேல் இறங்கியிருந்தது. பீரோவுக்குள்தான் அம்மா அப்பாவின் கல்யாண ஆல்பம் இருந்தது. ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்தபோது முகம் ஒரு பக்கமும் மாலை இன்னொரு பக்கமுமாக வந்தது. 1993இல் எடுத்த கல்யாண வீடியோ கேசட்டுக்குள் செம்மண் தண்ணீர். அம்மா அதை ஒரு வாரம் கூரையில்லாத திண்ணையில் வெயிலில் வைத்தார். பூஞ்சை பூத்ததும் குப்பையில் போட்டார். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. தென்னை போனதைத்தான் பேசினார். அதுதானே சோறு.

தப்பித்தது, அடுப்படியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்த ஒரு பிஸ்கட் டின். அதற்குள் சில சிடிகளும் ஒன்பது ஆடியோ கேசட்டுகளும்.

இவற்றை என்ன செய்யலாம் என்று அவ்வப்போது யோசிப்பேன், சென்னைக்கு பஸ் ஏறியதும் மறந்துவிடுவேன். ஒருமுறை என் காதணி விழா வீடியோவை ஒரு வீடியோ தளத்தில் ஏற்றினேன். அந்தக் காலத்து வீடியோகிராபர்கள் சும்மா இருப்பார்களா? அரை மணி நேரத்துக்கு ஆறு சினிமாப் பாட்டு சேர்த்திருந்தார். காப்புரிமை என்று சொல்லி, ஏற்றிய பத்தாவது நிமிடத்தில் என் அழுகையைச் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தி, மெயிலையும் சேர்த்து 15 ஜிபி என்று ஆக்கியபோது, காசு கட்டுவதைவிட எனக்கு உறுத்தியது வேறு. வீட்டுப் பொருளை வைக்க மாதாமாதம் வாடகையா?

போன ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்தேன். மண்வெட்டி, அரிவாள்மனை, மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கத்தில் அம்மா ஒரு லேப்டாப்பையும் சந்தனம் குங்குமம் வைத்து உட்கார்த்தியிருந்தார். மூடியில் முதலமைச்சர் படம். அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்தது.

2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய திட்டம் அது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு என்று ஆரம்பித்து, மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். இன்றைக்கு அவற்றில் பாதியாவது பரண் மேலும் கட்டிலுக்கு அடியிலும்தான் கிடக்கும் என்று நினைக்கிறேன். அக்காவுடையதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்று இன்னொன்றும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதைத் திறந்து பார்த்த ஒருவரையும் எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. லேப்டாப் கைக்கு வந்ததும் கம்ப்யூட்டர் கடை அண்ணனிடம் கொண்டுபோய் அதை அழித்து, கேம் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அந்த பாஸ், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது. நான் இப்போது அதே லேப்டாப்பில் போட்டிருப்பது டெபியன்தான். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றிருக்கிறது.

கழற்றிப் பார்த்தேன். பேட்டரி உப்பியிருந்தது. உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். பதமாக வெளியே எடுத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கத் தனியாக வைத்தேன். ஸ்கிரீனில் பாதி கறுப்பு, ஆகவே மூடியோடு கழற்றிவிட்டேன். சர்வருக்குத் திரை தேவையில்லை. முதல் நாள் மட்டும் டிவியை ஒயரால் இணைத்துத் திரையாக்கிக்கொண்டால் போதும், பிறகு போனிலிருந்தே கட்டளை கொடுக்கலாம். 2 ஜிபி ரேம் போதாது என்று புதுக்கோட்டையில் ஒரு கடையில் பழைய 4 ஜிபி வாங்கினேன். அத்தான் தூக்கிப்போட இருந்த டெஸ்க்டாப்பிலிருந்து 1 டிபி ஹார்டு டிஸ்க் கிடைத்தது. காசு என்று செலவானது ரேமுக்கும், டிஸ்க்கை மாட்டும் யுஎஸ்பி கூட்டுக்கும்தான்.

இதில் ஓடும் மென்பொருள் ஜெல்லிஃபின். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடியதும், அதில் உடன்படாதவர்கள் 2018 டிசம்பரில் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தது. கட்டணம் இல்லை, கணக்கு தொடங்க எந்த நிறுவனமும் நடுவில் இல்லை. கஜா அடித்த மறுமாதம் பிறந்ததா என்று படித்தபோது ஒரு நிமிடம் நின்றேன். எங்கள் ஊரில் சில வீடுகளுக்கு அந்த மாதம்தான் கரன்ட்டே வந்தது.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்த இரவில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். டெபியனை ஏற்றும்போது டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று கேட்டது. டி டிரைவில் இருந்ததை எல்லாம் ஏற்கெனவே எடுத்துவிட்டேன் என்ற தைரியத்தில் சரி என்று தட்டினேன். காலையில் அக்காவுக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொன்னபோது அவள் கேட்டாள்: "டெஸ்க்டாப்ல 'காலேஜ்'னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சே, எடுத்தியாடி?"

டெஸ்க்டாப்பில் கண்ணெதிரே தெரியும் ஃபோல்டர், உண்மையில் சி டிரைவில் இருப்பது. எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை.

அக்கா திட்டவில்லை. "பரவாயில்ல விடு" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுடைய கல்லூரித் தோழி ஒருத்தி இப்போது உயிரோடு இல்லை. அந்தப் பெண்ணின் படங்கள் அதில்தான் இருந்தன என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஹார்டு டிஸ்க்கில் அழிப்பது என்பது பெரும்பாலும் முழு அழிப்பு அல்ல. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் கிழிக்கிறது. நூலகத்தில் கேட்டலாக்கை எரித்துவிட்டு, புத்தகங்களை அலமாரியிலேயே விட்ட மாதிரி. அதே இடத்தில் புதிதாக எழுதும்வரை பழையது அங்கேயே கிடக்கும். 320 ஜிபியில் டெபியன் எழுதியது சில ஜிபிதான். உடனே லேப்டாப்பை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, என் லேப்டாப்பில் மாட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். அது அட்டவணையைப் பார்க்காமல், டிஸ்க் முழுக்கத் தடவிப் பார்த்து, இது படம் மாதிரி இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும். ஒரு முழு இரவு ஓடியது. இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள் வந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை, எல்லாம் எஃப் போட்டு ஓர் எண். தீபாவளிக்கு அக்கா வந்து இரண்டு நாள் உட்கார்ந்து பெயர் வைத்தாள். அந்தத் தோழியின் படங்கள் பதினான்கு கிடைத்தன. மொத்தம் எத்தனை இருந்தன என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் இரண்டு பிரதி எடுக்காமல் தொடுவதில்லை.

சிடிகளின் கதை சுருக்கமானது. நான்கில் மூன்று படித்தன. வீடியோ சிடியில் ஒரு சட்டகத்துக்கு 352க்கு 288 புள்ளிகள்தான். இன்றைய ஃபுல் எச்டி டிவியில் 1920க்கு 1080. அதாவது டிவி கேட்பதில் இருபதில் ஒரு பங்கைத்தான் சிடி கொடுக்கிறது, முகமெல்லாம் அவித்த கிழங்கு மாதிரி தெரியும். ஆனால் ஒன்றில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் மாசிமகம் இருந்தது. வானத்துக்கும் பூமிக்குமாக நிற்கும் அந்தக் குதிரைச் சிலை, அதன் கழுத்திலிருந்து தரைவரை காகிதப்பூ மாலைகள், கூட்டத்தில் தலையில் துண்டோடு தாத்தா. நான்கு விநாடிதான். அப்பத்தாவுக்கு இப்போது காது மந்தம், கண் பரவாயில்லை. "ந்தா, ந்தா, போறாக பாரு" என்றது. அந்த நான்கு விநாடியை ஒன்பது முறை போட்டுக் காட்டினோம்.

"இதையெல்லாம் எவ பாக்கப்போறா, வேலையத்த வேலை" என்று அப்பா முனகினார். எங்கள் மாவட்டத்தில் இதைச் சொல்லக்கூடாது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி தங்கள் சம்பளத்தைப் போட்டுச் சேர்த்த புத்தகங்கள்தான் ஞானாலயா நூலகம். லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள், முதல் பதிப்புகளுக்காகவே ஆராய்ச்சியாளர்கள் தேடி வருகிறார்கள். பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா வீட்டில் சேர்த்துவைத்ததில் நாடக நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும்கூட உண்டு. அவர் காலமான பிறகு 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. சேர்க்கும்போது அக்கம்பக்கத்தார் அவர்களையும் இப்படித்தானே கேட்டிருப்பார்கள்? என் பிஸ்கட் டின்னை அவர்களோடு ஒப்பிடவில்லை, அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இனி கேசட்டுகள்.

ஒன்பதில் மூன்று சினிமாப் பாட்டு. ஒன்று, திருவிழாவில் போட்ட வள்ளி திருமணம் நாடகத்தை மைக் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாத்தா பதிந்தது. மீதி ஐந்து, கடிதங்கள். 1996இலிருந்து ஒன்பது வருடம் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை செய்தார். ஊரில் போன் இருந்தது ஒரே ஒரு கடையில். ஐஎஸ்டி பேசினால் மீட்டர் ஓடும் வேகத்தில் நெஞ்சு அடைக்கும், பின்னால் நான்கு பேர் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார். அம்மா கேட்டுவிட்டுப் பதில் பேசி, போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். எங்கள் பக்கத்தில் சபுராளி வீடுகள் எல்லாவற்றிலும் அப்போது இதுதான் வழக்கம்.

அப்பா கொண்டுவந்த டூ இன் ஒன் செட் இருந்தது, ஆனால் உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. கீழராஜ வீதிப் பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக் ஐயா, டிராயர் டிராயராகத் துழாவி ஒரு பெல்ட்டைக் கண்டுபிடித்து மாட்டினார். "இதுக்காக வந்த பொண்ணு நீதாம்மா இந்த வருஷத்துல மொதல்" என்றார்.

கேசட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றுவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. செட்டின் ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்கு ஓர் ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், பொறுமை. செட்டின் சத்தத்தைக் குறைத்தே வைக்க வேண்டும், ஏற்றினால் குரல் உடைந்து பதிவாகும், பிறகு சரிசெய்ய முடியாது. ஙொய்ங் என்று ஓர் இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், எனக்கு அதில் நின்றுபோனது. குறுக்குவழி கிடையாது. அரை மணி நேரப் பக்கம் பதிவாக அரை மணி நேரம் ஆகும். எங்கள் கேசட்டுகள் அறுபது நிமிடம், ஐந்துக்கும் சேர்த்து ஐந்து மணி நேரம். ஒரு பக்கம் சுமார் 160 எம்பி வருகிறது. இப்போது போனில் எடுக்கும் ஓரிரண்டு நிமிட வீடியோவுக்குச் சமம்.

எனக்குத் தெரிந்த அப்பா ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுவார். அதில் எட்டு மோட்டாரைப் பற்றி. கேசட்டில் இருந்தவர் வேறு யாரோ. அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிறார். தங்கியிருக்கும் அறையில் பன்னிரண்டு பேர், ரசம் வைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நம்மூர் திருவிழா மாதிரி இருக்கிறது. பாப்பாவுக்கு, அதாவது அக்காவுக்கு, கொலுசு வாங்கியிருக்கிறேன், சத்தம் கேக்குதா என்று மைக்கில் ஆட்டிக் காட்டுகிறார். நடுவில் யாரோ கதவைத் தட்ட, குரலைத் தாழ்த்துகிறார். நான் பதிந்துகொண்டிருக்கும்போது அப்பா வாசலில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். கொலுசுச் சத்தம் வந்ததும் கை நின்றது. "இம்புட்டாடா பேசியிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து தோப்புக்குப் போய்விட்டார்.

மூன்று கேசட் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் அப்பா குரல்தான். அம்மா பேசி அனுப்பியவை எங்கே?

"எங்க இருக்கும்? அதே கேசட்டுதானே. நான் பேசுனது மேல அவுக பேசுவாக. அவுக பேசுனது மேல நான் பேசுவேன். புதுக் கேசட்டு வாங்கக் காசா கொட்டிக் கெடந்துச்சு?"

சினிமாப் பாட்டுக் கேசட்டுகளின் முதுகில் இருக்கும் ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, அவற்றின் மேலும் பதிந்திருக்கிறார்கள். அப்பா பேசி முடித்ததும் பாட்டு நடுச்சரணத்திலிருந்து தொடங்குகிறது. டேப்பில் அழிப்பது ஹார்டு டிஸ்க்கில் மாதிரி இல்லை. பதிவு பொத்தானை அமுக்கினால், டேப் முதலில் அழிக்கும் ஹெட்டைக் கடந்துதான் பதியும் ஹெட்டுக்கு வரும். காந்தத் துகள்களில் இருந்த பழைய வரிசையைக் கலைத்த பிறகே புதியது ஏறும். அட்டவணை இல்லை, பொறுக்கி எடுக்க ஃபோட்டோரெக் இல்லை. அம்மாவின் இருபத்திரண்டு வயதுக் குரலை, அவருக்குப் பதில் சொல்வதற்காகவே அப்பா அழித்திருக்கிறார். மறுபடி மறுபடி, ஒவ்வொரு கடிதத்திலும்.

நான்காவது கேசட்டின் பி பக்கம். இருபத்திரண்டாவது நிமிடத்தில் அப்பா, "சரி, லாரி வந்துருச்சு, வைக்கிறேன்" என்கிறார். டொக் என்று ஒரு சத்தம். நான் அடுத்து பாட்டு வரும் என்று நினைத்தேன்.

"...கோயிலுக்குப் போயிருக்காக, வர்றதுக்குள்ள சொல்லிப்புடுறேன்" என்றது ஒரு பெண் குரல். மெல்லிசாக, அவசரமாக. பக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்குகிறது. அது அக்காவாகத்தான் இருக்கும். "உங்க ஆத்தா..." என்று அடுத்த வார்த்தை வந்தபோது, அடுப்படியிலிருந்து வந்த அம்மா ஈரக்கையோடு ஸ்டாப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

அவ்வளவு வேகமாக அம்மா நடந்து நான் பார்த்ததில்லை.

"அதை அழிச்சிரு."

"அம்மா, உன் குரல் இதுல மட்டுந்தான்மா மிஞ்சியிருக்கு."

"அதனாலதான் சொல்றேன்."

அடுத்த அறையில் அப்பத்தா படுத்திருந்தது. காது கேட்காது. ஆனால் அத்தைகள் வருவார்கள், அத்தான் டிவியில் எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார். பதினெட்டு வயதில் வாக்கப்பட்டு வந்து, புருஷன் கடல் தாண்டிப் போய்விட்ட வீட்டில் ஒரு பெண் மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பேசியது என்னவாக இருக்கும் என்று எனக்கு ஓரளவு ஊகிக்க முடிந்தது. அந்த மாமியாரைத்தான் கடந்த ஆறு வருடமாக அம்மா குளிப்பாட்டி, தலை வாரி, சோறு பிசைந்து கொடுக்கிறார்.

நான் செய்தி எழுதிப் பிழைப்பவள். கிடைத்ததை வெளியே கொண்டுவருவதுதான் சரி என்று மூன்று வருடமாக நம்பிப் பழகியிருக்கிறேன். பதிந்துகொள்கிறேன், நான் கேட்கமாட்டேன் என்று அம்மாவிடம் பேரம் பேசினேன். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றார்.

லேப்டாப்பின் சத்தத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு ஓடவிட்டேன். ஆடாசிட்டியில் குரல் நீல நிற அலையாக ஏறி இறங்கும். எட்டு நிமிடம், இருவரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் அலை திரையின் விளிம்புவரை எகிறியது. ஓரிடத்தில் அரை நிமிடத்துக்கு ஒன்றுமே இல்லை, தட்டையான கோடு. அம்மா அந்தத் தட்டையான இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெல்லிஃபினில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைக்கலாம், யார் எந்த அலமாரியைத் திறக்கலாம் என்று பிரிக்கலாம். சிறு குழந்தைகள் பெரியவர்கள் படத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பெரும்பாலும் பயன்படுத்துவது. நான் அம்மா பெயரில் ஒரு கணக்கு போட்டு, அந்த ஒரு ஃபைலை மட்டும் வைத்து, பாஸ்வேர்டை அவரையே தட்டச் சொன்னேன். முழங்கையால் மறைத்துக்கொண்டு தட்டினார்.

"இப்ப உன்னால கேக்க முடியாதுல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். "முடியும்மா. பெட்டிக்குச் சாவி எங்கிட்டத்தான் இருக்கு. நெனச்சா எதையும் தொறக்கலாம்."

"அப்பறம் எதுக்குடி பாஸ்வேர்டு?" என்று சிரித்தார். அழிச்சிரு என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை.

சர்வரின் நிர்வாகப் பக்கத்தில், இப்போது யார் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வரும். ஓர் இரவு பதினொன்றே முக்காலுக்கு வேறு ஏதோ அமைப்பை மாற்றப் போனபோது அதில் அம்மாவின் பெயர் இருந்தது. நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். பச்சை லைட்டைப் பற்றி அவர் கேட்பது அந்த வாரத்தோடு நின்றுபோனது என்பதை மட்டும் சொல்லலாம்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே பெட்டியில் எல்லாம் இருந்தால், அடுத்த கஜாவுக்கு மறுபடியும் பீரோ கதைதான். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். பொங்கல் முடிந்து தஞ்சாவூரில் அக்கா வீட்டுக்கு ஒரு ஹார்டு டிஸ்க்கில் எல்லாவற்றையும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு ஃபைலைத் தவிர. அம்மா சம்மதிக்கவில்லை. "வீட்டை விட்டு அது வெளிய போகக்கூடாது." ஆக அது பன்னிரண்டு வயதான ஒரு டிஸ்க்கில் ஒரே ஒரு பிரதியாக இருக்கிறது. மூலக் கேசட் அம்மாவின் புடவைகளுக்கு நடுவில் எங்கேயோ. சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை அந்த டிஸ்க்கின் ஆரோக்கிய அறிக்கையை எடுத்துப் பார்க்கிறேன். பழுதான செக்டர்கள் இதுவரை இரண்டு.

அக்கா தன் டிவியில் பட்டியலை ஓட்டிப் பார்த்தாள். கொலுசுச் சத்தத்தை மூன்று முறை கேட்டாள். பிறகு விரல்விட்டு எண்ணினாள்.

"நாலாவது கேசட்டு பி பக்கம் எங்கடி?"

"அம்மாகிட்ட கேளு."

போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இருபது நிமிடம் இருக்கும். இறங்கி வந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "தோசை ஊத்தவா?" என்று கேட்டாள்.